ஒரு விதைகூடத் தாண்டாது

முள்ளக்கா வீட்டுச் சமையலறையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஓரம் சில்லு போன பீங்கான் சாசர் ஒன்று இருக்கும். அதில் சாம்பலும் பழுப்புமாகக் கொஞ்சம் விதைகள். பார்த்தால் சூரியகாந்தி விதைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும், ஆனால் அதைவிடக் கெட்டி. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எலி மருந்தாக இருக்குமோ என்று கையை இழுத்துக்கொள்வார்கள். "பயப்படாதீங்க, அது என் தம்பி திருப்பிக் குடுத்த சொத்து" என்பாள் அவள். சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். அந்தச் சாசரின் கதையைச் சொன்னால் அவள் கதையைச் சொன்ன மாதிரிதான். சொல்கிறேன், கேளுங்கள்.

முள்ளக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அப்பா போனபின் அக்காளும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். சரிவுக்குக் கீழே, ஓடைப் பக்கம் இருந்த புல்வெளி தம்பிக்கு. சரிவுக்கு மேலே, கல்லும் சரளையுமாகக் கிடந்த மேடு அக்காளுக்கு. தம்பிக்குத் தீனி போட மாடுகள் இருந்தன, அக்காளுக்குப் புருஷன் ஒருத்தர்தானே என்று அப்படிப் பிரித்ததாக ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் அதற்காக யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மேடு இருக்கிறதே, அது எதைப் போட்டாலும் முளைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பார்லி போட்டாள், முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. சூரியகாந்தி போட்டாள், பூக்கும் முன்பே தலையைத் தொங்கப்போட்டது. வானம் பார்த்த பூமி. வானமோ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது.

அப்போதுதான் ஆலை வந்தது. விதையை ஆட்டி எண்ணெய் எடுப்பார்களாம். காய்ந்த தண்டையும் இலையையும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுப்பார்களாம். அதற்குத் தண்ணீர் கேட்காத ஒரு செடி வைத்திருந்தார்கள். ஆலையிலிருந்து வந்தவர் அதன் பெயர் கார்டூன் என்றதும், "டிவியில ஓடுமே, அதுவா?" என்று கூட்டமே சிரித்தது. முள்ளக்கா சிரிக்கவில்லை. "தண்ணி கேக்காதா? நிஜமாவா?" என்று அதையே மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவதற்கு முன்னால் தம்பி வேலி ஓரம் வந்து நின்றான். அவன் லேசில் எதற்கும் குறுக்கே பேசுகிற ஆள் இல்லை.

"அக்கா, நீ எதை வேணா போடு, உன் நிலம். ஆனா இது முள்ளுச்செடி. விதைக்குப் பின்னாடி பஞ்சு இருக்குன்னு சொல்றாங்க. காத்து உன் பக்கத்துலேர்ந்து என் பக்கமாத்தான் அடிக்கும். என் புல்லுல வந்து முளைச்சா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அவன் என்ன பண்ண முடியும் என்று அவளுக்கும் தெரியும். ஒன்றும் பண்ண முடியாது. அப்பாவுக்கு முந்திய காலத்திலிருந்தே கலப்பை படாத புல் அது. பத்து வகைப் புல்லும் அதற்குள் தீவனக் கொடிகளும் பின்னிப் பிணைந்து கிடக்கும். அவன் மாட்டுப் பாலின் ருசியே அதில்தான். உழுதால் புல் போகும். களைக்கொல்லி அடித்தால் கொடி போகும். முள்ளுச்செடி ஒன்று உள்ளே வந்துவிட்டால் மண்வெட்டியை வைத்து வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். வேரில் விரலளவு மண்ணுக்குள் தங்கிவிட்டாலும் போதும், அடுத்த மழைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வந்துவிடும். ஒரு செடி விரிந்தால் ஒரு மாடு படுக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை எந்த மாடும் வாயில் வைக்காது.

"ஒரு விதைகூடத் தாண்டாதுடா. நான் பாத்துக்கறேன்."

"தாண்டினா?"

"தாண்டினா கொண்டுவந்து என் கையில குடு. வாங்கி வச்சுக்கறேன்."

"எண்ணிக் குடுப்பேன்."

"எண்ணியே குடு."

அதோடு பேச்சு முடிந்தது. அவள் நட்டாள்.

முதல் வருஷம் செடி தரையோடு தரையாக இலையை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. சாம்பல் பூத்த பச்சை, ஓரமெல்லாம் முள். பார்த்தவர்கள் "பாவம், நல்லா ஏமாந்துட்டா" என்று உச்சுக்கொட்டினார்கள். இரண்டாம் வருஷம் எழுந்து நின்றது பாருங்கள், அடேயப்பா! கையைத் தூக்கினாலும் உச்சி எட்டாது. தலைக்கு மேல் ஊதாப் பூ, அதைச் சுற்றி எப்போதும் தேனீக்களின் இரைச்சல். வேர் கீழே கீழே போய்க் கிணற்றாழத்தில் தண்ணீரைத் தேடிப் பிடித்துவிட்டது. ஒரு தடவை நட்டால் பத்து வருஷம் நிற்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். அவளைப் பார்த்து மேட்டு நிலக்காரர்கள் ஒவ்வொருவராக நட்டார்கள். முள்ளக்கா என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். கேலியாக வைத்தது மரியாதையாக மாறிவிட்டது. அதில் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லையென்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

அறுவடைதான் இதில் வித்தை. பூ வாடி, செடி முழுக்கப் பழுப்பாகிக் காயும்போது, தலை மூடியே இருக்கும். உள்ளே விதையும் பஞ்சும் அடைந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் அறுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வெயிலில் தலை வாயைத் திறந்துவிடும். காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும். விடிகாலையில் அறுக்கலாமென்றால் பனி ஈரத்தில் தண்டு இயந்திரத்தின் உருளையைச் சுற்றிக்கொள்ளும். மத்தியானம் அறுக்கலாமென்றால் காற்று கிளம்பிவிடும். பனி காய்ந்து காற்று எழும்புவதற்குள் இருக்கிற இடைவெளிதான் கணக்கு. அதிலும் தம்பியின் வேலி ஓரத்தைத்தான் முதலில் அறுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

ஆலையின் அறுவடை இயந்திரத்தை ஓட்டி வருகிறவரைத் தும்மல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பஞ்சு அவருக்கு ஆகாது. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தும்மிக்கொண்டே ஓட்டுவார். பஞ்சு ஆகாத மனுஷனுக்கு இந்த வேலையைப் போய் யார் கொடுத்தார்களோ! ஆனால் வேலையில் கெட்டிக்காரர். மணிக்கொரு தடவை இயந்திரத்தை நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து, காற்றுக்குழாயை வைத்து ஊதிப் பஞ்சையெல்லாம் வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். காய்ந்த பஞ்சு சூடான புகைக்குழாயில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து அறுத்தாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு விதை தப்பிக்கும். தம்பி விடுவானா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலி ஓரமெல்லாம் தேடிக் கண்டுபிடிப்பான். அறுவடை முடிந்த மறுநாள், திறந்து கிடக்கிற கதவைத் தட்டுவான்.

"வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா? உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு வழி தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"ஐயையோ, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துடுச்சுங்களா? உள்ள வாங்க" என்பாள் அவள், ஒரு சிரிப்பும் இல்லாமல். விதையை வாங்கிச் சாசரில் போடுவாள். பிறகு மூன்று பேரும் தேநீர் குடிப்பார்கள். மூன்றாவது ஆள் அவள் வீட்டுக்காரர். இடுப்பெலும்பு தேய்ந்துபோய் எப்போதும் ஒரே நாற்காலியில் ரேடியோவோடு இருப்பவர். உலகமே தலைகீழானாலும் "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரே பதில் வைத்திருந்த நல்ல மனுஷர். வருஷா வருஷம் நடக்கும் இந்த நாடகம் அவளுக்குச் சாகுபடியைவிடப் பெரிது. தம்பி வந்து கதவைத் தட்டினால்தான் அந்த வருஷம் நல்லபடியாகக் கழிந்தது என்று அர்த்தம்.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லையே, என்னத்தைச் சொல்ல.

அந்த வருஷம் ஆலையில் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று உதிரிபாகம் வராமல் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. ஒரே இயந்திரம் எல்லா மேடுகளுக்கும் போக வேண்டும். முறை வைத்துத்தான் அறுப்பார்கள், போன வருஷம் முதலில் அறுத்தது அவள் வயலை. அதனால் இந்த வருஷம் அவள் முறை கடைசியில். பூ ஊதாவாக நின்ற நாளிலேயே தும்மல் போனில் சொல்லிவிட்டார்: "கடைசிதான் அக்கா. ஆனா வந்துடுவேன். உங்களுக்கு வராம இருப்பேனா?"

செய்தி கேட்டுத் தம்பி வந்தான். இரண்டு பேரும் தேனீ இரைச்சலுக்கு நடுவில் நின்றார்கள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. இப்பவே பூவோட வெட்டிப் போட்டுடலாம். என் புல்வெட்டி இருக்கு, ஒரே நாள்ல முடிச்சுடுவேன். விதை பிடிக்கிறதுக்கு முன்னாடின்னா எந்தப் பயமும் இல்லை."

"ஒரு வருஷ வெள்ளாமைடா."

"தெரியும். என் பால்ல உனக்குப் பங்கு தர்றேன். சத்தியமா."

அவள் வயலைப் பார்த்தாள். அவளைப் பார்த்து நட்ட இத்தனை பேர் அறுவடைக்குக் காத்திருக்கும்போது, முதலில் நட்டவளே பயந்துபோய்ப் பூவோடு வெட்டிவிட்டாள் என்று ஆனால்? ஆலைக்காரர்கள் அடுத்த வருஷம் முறையிலேயே சேர்ப்பார்களா? அதையெல்லாம்விட, தும்மல் சொன்ன நாளில் வராமல் இருந்ததே இல்லை. ஒரு நாளும் இல்லை.

"வந்துடுவார்டா. நான் இருக்கேன்ல? ஒரு விதைகூடத் தாண்டாது."

தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தன் புல்லைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரி அக்கா. நீ சொன்னா சரி" என்றான். அவன் சண்டை போட்டிருக்கலாம். அன்றைக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் வெட்டியிருப்பாளோ என்னவோ!

பூ வாடியது. செடி பழுத்தது. இனி வெட்டவும் முடியாது. காய்ந்த தலையைப் புல்வெட்டி தட்டினால் அப்போதே உடைந்து விதை பறக்கும். அதை உள்ளபடியே அறுத்து விழுங்கிக்கொள்கிற அந்த ஒரே இயந்திரம்தான் வர வேண்டும். முள்ளக்கா தினமும் போன் போட ஆரம்பித்தாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் ரெண்டு வயல் அக்கா."

"சீக்கிரம் வாங்க. ஓரத்துல தலையெல்லாம் வெடிக்கிற பக்குவத்துல நிக்குது. கொஞ்சம் சுருக்கா ஓட்டக்கூடாதா? எனக்குத் தூக்கமே இல்லை, தெரியுமா?"

"வந்துடறேன் அக்கா, அழாதீங்க."

அவள் அழவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு முந்திய நாள், வெயில் ஏறிய நேரம். ரேடியோவில் ஏதோ பாட்டு. போன் அடித்தது. எடுத்தால் முதலில் தும்மல் சத்தம், பிறகு நீண்ட இருமல், பிறகுதான் பேச்சு.

"அக்கா, மெஷின் போச்சு."

"போச்சுன்னா?"

"எரிஞ்சு போச்சு. தீ பிடிச்சுடுச்சு. நான் குதிச்சுட்டேன். புருவம் கருகிடுச்சு, கையில கொஞ்சம். அதை விடுங்க. மெஷின் சுத்தமா போச்சு அக்கா."

"எப்படி? நீங்கதான் மணிக்கு மணி ஊதிடுவீங்களே?" என்றாள்.

அந்தப் பக்கம் மறுபடி ஒரு இருமல். பிறகு பதில் மெதுவாக வந்தது.

"ஊதுவேன் அக்கா. இன்னைக்கு... நாளைக்கு உங்க வயலுக்கு வந்தாகணுமேன்னு ஒரு தடவை ஊதாம விட்டேன். ஒரே ஒரு தடவைதான்."

அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு அப்படிச் சொல்லவும் தெரியாது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுருக்கா ஓட்டக்கூடாதா என்று கேட்ட வாய் அவளுடையது. நாற்காலியிலிருந்து, "யாரு போன்ல? எல்லாம் சரியாயிடும்" என்றார் வீட்டுக்காரர், என்னவென்று தெரியாமலேயே.

அதன்பின் அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. விடிகாலைப் பனியில் தலை இறுக மூடியிருக்கும்போது அரிவாளோடு இறங்கினார்கள். முள்ளக்கா, தம்பி, தம்பி பெண்டாட்டி, கையில் கட்டோடு தும்மல். வீட்டுக்காரர் வேலிப் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து சாக்குப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தலையாக அறுத்துச் சாக்கில் போட வேண்டும். தோல் கையுறையையும் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. அறுக்கிறவர் நாலு பேர், நிற்கிற தலையோ கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். பனி காய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தொட்டாலே தலை உதிர்ந்தது. அன்றைய வேலையைத் திரும்பிப் பார்த்தால் வேலியை ஒட்டி ஒரு பட்டை மட்டும் மொட்டையாகத் தெரிந்தது.

ஈரம் பட்டால் தலை மூடிக்கொள்ளும் என்று தம்பிக்குத்தான் தோன்றியது. மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற டேங்கரை டிராக்டரில் மாட்டி வந்து, மொட்டைப் பட்டைக்கு அடுத்து நின்ற செடிகளின்மேல் குழாயால் அடித்தான். திறக்கப் பார்த்த தலைகள் நனைந்து சுருங்கிக்கொண்டன. "பாத்தியா அக்கா!" என்றான். ஒரு நிமிஷம் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் புல்வெளியில் மாடுகள் தொட்டி அருகே நின்று கத்திக்கொண்டிருந்தன. ஓடை அந்தக் கோடையில் வெறும் ஈரமணலாகக் கிடந்தது. மாடுகளுக்கு இருந்ததே அந்த டேங்கர் தண்ணீர்தான்.

"போதும்டா. மாட்டுக்கு விடு" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்" என்று அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

காற்று வந்தது. வருகிற காற்றுதான், எல்லாக் கோடையிலும் மத்தியானத்துக்குமேல் வருவது. மேட்டின் அந்தக் கோடியில் முதலில் ஒரு வெண்மை எழுந்தது. யாரோ தலையணையைக் கிழித்து உதறின மாதிரி. பிறகு அது வயல் முழுக்கப் பரவி, எழும்பி, அவர்கள் தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. இத்தனை பெரிய நாசம் வரும்போது ஒரு சத்தமாவது வர வேண்டாமா?

முள்ளக்கா ஓடினாள். வேலியைத் தாண்டிப் புல்வெளிக்குள் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். காற்றில் வருகிற பஞ்சைப் பிடித்துப் பிடித்து இடுப்பில் சொருகிய துணிக்குள் திணித்தாள். ஒன்றைப் பிடித்தால் நூறு தாண்டிப் போயின. தம்பி பெண்டாட்டி கொடியில் காய்ந்த துணிகளை விட்டுவிட்டு ஓடி வந்து, "அண்ணி, வாங்க, அண்ணி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"பஞ்சு மட்டும்தான் பறக்கும்! விதை கனம், அங்கயே விழுந்துடும்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார் வீட்டுக்காரர்.

அது பொய்யும் இல்லை. பல பஞ்சுகளில் விதை கழன்றுவிடும். அவள் துணியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள், வெறும் பஞ்சு. இன்னொன்று, அதுவும் வெறும் பஞ்சு. நெஞ்சில் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாவதை எடுத்தாள். அடியில் சாம்பல் நிறத்தில், கெட்டியாக, வழவழவென்று விதை இருந்தது. அதற்குப்பின் அவள் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

பசுக்களின் இமையில் பஞ்சு, தொட்டித் தண்ணீரில் பஞ்சு, பால்கேன் மூடியில் பஞ்சு. தம்பி டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்தான். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. அவன் அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் சாசரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கதவைத் திறந்தே போட்டிருந்தாள். தம்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "வேலை இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். இருக்கத்தான் செய்யும். வழியில் பார்த்தால் நின்று பேசினான். மாமாவுக்கு இடுப்பு எப்படி என்று கேட்டான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அவன் ஒரு தடவை கத்தித் தொலைத்திருந்தால் இவள் காலில் விழுந்தாவது அழுதிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

முதல் மழை பெய்தது. எல்லோரும் சந்தோஷப்படுகிற மழை. அவள் மட்டும் ஜன்னலில் நின்று தம்பியின் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் கழித்து, யாரும் எழுவதற்கு முன்னால் வேலியைத் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தாள். கோடையில் தேய்ந்து திட்டுத் திட்டாக மண் தெரிந்த இடமெல்லாம் இரண்டிரண்டு இலையாக வந்திருந்தது. இன்னும் முள் வரவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது, பாவி! அவள் மண்வெட்டியை எடுத்துவந்து தோண்டினாள். தினமும் போய்த் தோண்டினாள். சின்ன மண்வெட்டி, குனிந்த முதுகு, பக்கத்தில் ஒரு வாளி. வாளி நிறைந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால், காலையில் சுத்தம் செய்த இடத்திலேயே இன்னும் நாலு கண்ணில் பட்டது. தூரத்தில் தம்பியும் குனிந்து தோண்டிக்கொண்டிருப்பான், அவன் பெண்டாட்டியும். அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். அவள் கையை ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். பிறகு இரண்டு பேரும் குனிந்துகொள்வார்கள்.

குளிர் தொடங்கிய சமயம் ஒரு மத்தியானம், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

திறந்துதான் கிடந்தது கதவு. தட்டுகிற அந்தத் தட்டலே அவளுக்குத் தெரியும். கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் தம்பி நின்றான். பூட்ஸ் முழுக்க மண். உள்ளங்கையில் ஒரு விதை.

"வாடா, உள்ள வா" என்றாள். சந்தோஷத்தில் வார்த்தை குழறியது. நாடகத்தில் அவள் சொல்ல வேண்டியதுகூட மறந்துபோய்விட்டது. சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சாசரை எடுத்துவந்து அவன்முன் நீட்டினாள். "குடு. எங்க வீட்டுப் பிள்ளைதானே, குடு. நல்லாக் கண்டிச்சு வைக்கறேன்."

அவன் விதையைச் சாசரில் போடவில்லை.

"அக்கா, இந்தச் செடியப் பத்தி உன்னைவிட யாருக்கும் தெரியாது. நீயே சொல்லு. இது மண்ணுக்குள்ள எத்தனை நாள் உயிரோட கிடக்கும்? இந்த வருஷம் முளைச்சது எல்லாத்தையும் நாங்க தோண்டிட்டோம்னு வச்சுக்க. அடுத்த வருஷம் முளைக்காதுல்ல?"

ஆலைக்காரர்கள் நடுவதற்கு முன்னால் கூட்டம் போட்டுச் சொன்னதில் அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. பக்கத்து மேட்டுக்காரர்கள் இன்றைக்கும் சந்தேகம் என்றால் அவளிடம்தான் வருவார்கள். முளைக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் குளிர்காலத்தையாவது அவன் நிம்மதியாகக் கழிப்பான். வாய்வரைக்கும் வந்தது. நாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

"அஞ்சு வருஷம்டா" என்றாள். "சிலது அதுக்கு மேலயும் கிடக்கும்."

தம்பி தலையை ஆட்டினான். அவனுக்கே தெரிந்திருக்கும் போல. அவள் வாயால் கேட்கத்தான் வந்திருந்தான்.

"அப்ப மாடுங்கள வச்சிருக்க முடியாது அக்கா. வெள்ளிக்கிழமை லாரி வருது. மாடு வாங்கறவங்க எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்க. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

"டேய்... நான் தோண்டறேன்டா. தினமும் வர்றேன்ல. எல்லாத்தையும் நானே தோண்டிடறேன்."

"எனக்குத் தெரியும், நீ தோண்டுவ."

அவள் இன்னும் சாசரை நீட்டிக்கொண்டே நின்றாள். உள்ளே பழைய விதைகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போட்டன. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து மெதுவாகத் தாழ்த்திவிட்டு, தன் விதையைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

"இது இனிமே எங்க வீட்டுப் பிள்ளைதான் அக்கா" என்றான். "நாங்களே வச்சுக்கறோம்."

தேநீருக்கு வைத்த தண்ணீர் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அவன் படியிறங்கி, வேலிப் பக்கமாகப் போனான். அவள் வாசலிலேயே நின்றாள், சாசரைக் கையில் வைத்துக்கொண்டு.